பழைய டீசல் கார்களின் ரேடியேட்டர் ஃபேன்: சுற்றாமல் இருப்பது எப்போது சரி, எப்போது ஆபத்து?

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ரேடியேட்டர் ஃபேன் பற்றி இரண்டு சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "அரை மணி நேரம் ஐட்லிங்கில் விட்டும் ஃபேன் சுற்றவே இல்லையே, பழுதாகிவிட்டதா?" என்பது ஒன்று. இன்னொன்று இதற்கு நேர் எதிர்: "சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறதே, எங்கேயாவது ஷார்ட் ஆகிறதா?" பெரும்பாலும் இரண்டுமே பழுது இல்லை. ஆனால் நிஜமாகவே ஃபேன் செத்துப்போன டீசல் காரும் மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஃபேனுக்கு யார் உத்தரவு போடுகிறார்கள், எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

இங்கே பழைய டீசல் கார் என்று சொல்வது, ஏறத்தாழ 1980-களிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை வந்த, 12 வோல்ட் மோட்டார் வைத்த ஃபேன் உள்ள கார்களை.

வெப்பம் எவ்வளவு, எங்கே போகிறது

எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சிலிண்டர் சுவர் வழியாகவும் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வழியாகவும் கூலன்ட்டில் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில்) இறங்குகிறது. இந்தக் கடைசிப் பங்கை வெளியேற்றுவதுதான் ரேடியேட்டரின் வேலை.

டீசல் இஞ்சின் பெட்ரோல் இஞ்சினிலிருந்து ஒரு விஷயத்தில் அடிப்படையாக மாறுபடுகிறது. பெட்ரோல் இஞ்சினில் காற்றையும் எரிபொருளையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில், எடையில் சுமார் 14.7-க்கு 1 என்ற அளவில், வைத்திருக்க வேண்டும். அதனால் ஐட்லிங்கில் த்ராட்டில் வால்வு காற்றை நெரித்துப் பிடிக்கும். அந்தக் கால டீசல் இஞ்சின்களில் அப்படி நெரிப்பது கிடையாது. ஐட்லிங்கிலும் சிலிண்டர் முழுக்கக் காற்று இழுக்கும், அதில் துளியளவு டீசல் தெளிக்கப்படும். காற்று, எரிபொருளைவிட 50 மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் இருக்கும். அத்தனை காற்றையும் அந்தத் துளி டீசலே சூடாக்க வேண்டியிருப்பதால், கூலன்ட்டுக்குள் போகும் வெப்பம் மிகக் குறைவு. குளிர்ந்த காலையில் ஐட்லிங்கில் மட்டும் விட்டால் டீசல் இஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வெகுநேரம் பிடிக்கும். சில வண்டிகளில் வரவே வராது.

டீசல்களுக்குள்ளேயும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய டீசல்கள் பெரும்பாலும் முன்னறை வகை. டீசல் முதலில் ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு அறையில் பற்றிக்கொண்டு, பிறகு சிலிண்டருக்குள் பாயும். சூடான வாயு உரசிச் செல்லும் பரப்பு அதில் அதிகம், அதனால் கூலன்ட்டுக்குப் போகும் வெப்பமும் அதிகம். நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் வகை 1980-களின் கடைசியில்தான் கார்களில் பரவத் தொடங்கியது. 1989-ல் வந்த ஆடி 100 டிடிஐ அந்த வரிசையில் முக்கியமானது. நேரடித் தெளிப்பு இஞ்சின்கள் இன்னும் குளிர்ச்சியாக ஓடுபவை. ஆக, முன்னறை இஞ்சினிலிருந்து டிடிஐ-க்கு மாறியவர் "இதில் ஃபேனே ஓடுவதில்லையே" என்று கவலைப்பட்டால் அது இயல்புதான்.

முழு பாரத்தோடு ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். அப்போது தெளிக்கப்படும் டீசல் அதிகம், வெப்பம் உச்சத்தில் இருக்கும், ஆனால் வேகம் குறைவு என்பதால் முன்பக்கத்திலிருந்து காற்று வராது. டீசல் காருக்கு ஃபேன் உண்மையிலேயே வேண்டியிருப்பது இந்த நேரத்தில்தான்.

மோட்டார் ஃபேன் ஏன் வந்தது

முன்பெல்லாம் இஞ்சின் நீளவாட்டில் இருந்தது. இஞ்சினின் முன்முனை ரேடியேட்டரைப் பார்த்தபடி இருந்ததால், ஃபேனை வாட்டர் பம்பின் புல்லியிலேயே மாட்டி பெல்ட் மூலம் சுழற்றினார்கள். முன்சக்கர இயக்கம் பரவியபோது இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். புல்லி இப்போது பக்கவாட்டைப் பார்க்கிறது, ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. பெல்ட் போட வழியில்லை. அதனால் ரேடியேட்டரோடு ஒட்டிய தனி மோட்டார் வந்தது. வேண்டியபோது மட்டும் ஓடுவது, இஞ்சின் வேகத்தைச் சார்ந்திராமல் ஐட்லிங்கிலும் முழு வேகத்தில் சுற்றுவது ஆகிய இரண்டும் கூடவே கிடைத்த நன்மைகள்.

ஃபேன் இஞ்சினைப் பார்ப்பதில்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கால வண்டிகளில் ஃபேனை இயக்குவது தெர்மோ ஸ்விட்ச் என்ற சிறிய பித்தளைத் துண்டு. அது திருகப்பட்டிருப்பது பெரும்பாலும் இஞ்சினில் அல்ல, ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டியில். டாஷ்போர்டு முள்ளுக்குத் தகவல் தரும் சென்சார் வேறு, இது வேறு. முள் காட்டுவது இஞ்சின் பக்கத்துச் சூடு. ஃபேன் பார்ப்பது ரேடியேட்டருக்குள் இருக்கும் தண்ணீரின் சூடு.

இந்த இரண்டுக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் வால்வு நிற்கிறது. மெழுகு நிரப்பிய இந்த வால்வு, கூலன்ட் 80-லிருந்து 88 டிகிரிக்குள் ஏதோ ஒரு குறிப்பிட்ட சூட்டில் திறக்கத் தொடங்கும். அதுவரை கூலன்ட் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும், ரேடியேட்டர் பக்கமே போகாது. திறந்த பிறகுதான் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குள் வரும். அதை ரேடியேட்டரால் ஆற்ற முடியாமல் போனால்தான் தெர்மோ ஸ்விட்ச் சூடாகும்.

அதாவது, ஃபேன் சுற்றுவதற்கு மூன்று காரியங்கள் வரிசையாக நடந்தாக வேண்டும்:

1. இஞ்சின் சூடாகி தெர்மோஸ்டாட் திறக்க வேண்டும்.
2. ரேடியேட்டர் தானாக ஆற்றும் அளவைவிட அதிக வெப்பம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.
3. ஸ்விட்ச் பொருத்தப்பட்ட இடத்தில் உண்மையிலேயே சூடான தண்ணீர் இருக்க வேண்டும், காற்றுக் குமிழி அல்ல.

ஐட்லிங்கில் நிற்கும் டீசல் கார், இதில் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறது. ஃபேன் சுற்றாததற்கு அதுதான் காரணம்.

இதே வரிசையிலிருந்து இன்னொரு விளைவும் வருகிறது, இது ஆபத்தானது. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், இஞ்சின் கொதிக்கும், முள் சிவப்பைத் தொடும், ஆனால் ரேடியேட்டர் குளிர்ந்தே இருப்பதால் ஃபேன் அசையவே அசையாது. இதைப் பார்த்துவிட்டு "ஃபேன் போச்சு" என்று புது மோட்டார் மாற்றுபவர்கள் நிறையப் பேர். மோட்டார் நன்றாகவே இருந்திருக்கும்.

ஸ்விட்சின் இரண்டு படிகள்

பல ஐரோப்பிய டீசல் கார்களில் காணப்படும் மூன்று முனை ஸ்விட்ச் ஒன்றின் அளவுகள் இப்படி இருக்கும்: முதல் படி (மெதுவேகம்) 92–97 டிகிரியில் சேரும், அதாவது ஃபேன் ஓடும்; 84–91-ல் விடும், அதாவது நிற்கும். இரண்டாம் படி (முழுவேகம்) 99–105-ல் சேரும், 91–98-ல் விடும். சேரும் சூட்டுக்கும் விடும் சூட்டுக்கும் இடையில் சில டிகிரி இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாவிட்டால் ஃபேன் ஓடிய சில நொடியில் தண்ணீர் அரை டிகிரி ஆறும், ஃபேன் நிற்கும், மறுபடி சேரும். இப்படி நிமிடத்துக்குப் பலமுறை சேர்ந்து விட்டால் ஸ்விட்சின் முனைகள் தீய்ந்துவிடும்.

105 டிகிரி என்றதும் "தண்ணீர் கொதித்துவிடாதா?" என்று தோன்றும். சாதாரணத் தண்ணீர், திறந்த பாத்திரத்தில் என்றால் கொதிக்கும். ஆனால் கூலன்ட்டில் பாதி எத்திலீன் கிளைக்கால் இருந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்கு ஏறுகிறது. மேலே இருக்கும் கூலன்ட் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால் அது 125-ஐயும் தாண்டிப் போகிறது. ஆகவே மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் கசிந்தால், அதிலும் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால், ஃபேன் இரண்டாம் வேகத்துக்குப் போகும் முன்பே கொதிக்கத் தொடங்கிவிடலாம். அப்போது குறை ஃபேனில் இல்லை, மூடியிலோ தண்ணீரிலோ இருக்கிறது.

மெதுவாகவும் வேகமாகவும் சுற்றுவது எப்படி

மோட்டார் ஒன்றுதான், ஆனால் வேகம் இரண்டு. பழைய வண்டிகளில் இதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, மோட்டாருக்குப் போகும் வயரில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராக வைப்பது. ரெசிஸ்டர் வழியாகப் போனால் மோட்டாருக்குக் குறைந்த வோல்ட் கிடைக்கும், மெதுவாகச் சுற்றும். இரண்டாம் படியில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைச் சேர்க்கும் ஸ்விட்ச்) ரெசிஸ்டரைத் தாண்டி நேராக 12 வோல்ட் கொடுக்கும். ரெசிஸ்டரே நன்றாகச் சூடாகும் என்பதால் அதை ஃபேன் கூட்டின் மீதோ, காற்று படும் இடத்திலோ பொருத்தியிருப்பார்கள்.

இரண்டாவது வழி, இரண்டு ஃபேன் உள்ள வண்டிகளுக்கானது. மெதுவேகத்தில் இரண்டையும் தொடராக இணைத்து ஆளுக்கு 6 வோல்ட் கொடுப்பார்கள். முழுவேகத்தில் ரிலேக்கள் இணைப்பை மாற்றி ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் கொடுக்கும். இந்த அமைப்பில் ஒரு மோட்டார் நின்றுபோனால் மெதுவேகத்தில் இரண்டும் நிற்கும்.

மெதுவேகம் எதற்கு என்றால், காற்றைத் தள்ளத் தேவையான சக்தி, வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவு பாதிதான் குறைகிறது, ஆனால் அதைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சத்தமும் வெகுவாகக் குறையும். பெரும்பாலான சூழ்நிலைகளுக்கு அந்தப் பாதிக் காற்றே போதும்.

பழைய கார்களில் அடிக்கடி போவது இந்த ரெசிஸ்டர்தான். அது அறுந்தால் முதல் படி இல்லாமல் போகும், இரண்டாம் படி மட்டும் வேலை செய்யும். வழக்கத்தைவிட முள் கொஞ்சம் மேலே ஏறும், திடீரென்று ஃபேன் பெரும் இரைச்சலோடு கிளம்பும், சற்று நேரத்தில் நிற்கும். "ஃபேன் ஓடத்தானே செய்கிறது" என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இனி முழுவேகம் என்ற கடைசிப் பாதுகாப்பு ஒன்றே மிச்சம் என்பதுதான் அதன் பொருள்.

ஏசி போட்டதும் ஏன் ஓடுகிறது

ஏசியின் கன்டென்சர் (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அதன் வழியாகக் காற்று போகாவிட்டால் கேஸின் அழுத்தம் தாறுமாறாக ஏறும். அதனால் பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டவுடன், தண்ணீரின் சூடு எவ்வளவு இருந்தாலும், ஃபேன் முதல் வேகத்தில் ஓடத் தொடங்கும். ஏசி குழாயில் இருக்கும் அழுத்த ஸ்விட்ச், அழுத்தம் சுமார் 15–16 பாரைத் தொட்டதும் முழுவேகத்தைக் கேட்கும். நின்றிருக்கும்போது ஏசி குளிர்வதில்லை, ஓடும்போது குளிர்கிறது என்றால் கேஸ் நிரப்பப் போவதற்கு முன் ஃபேனின் முதல் வேகத்தைப் பாருங்கள்.

வண்டியை அணைத்த பிறகு சுற்றுவது

இஞ்சினை நிறுத்தியதும் வாட்டர் பம்பும் நின்றுவிடுகிறது. ஆனால் இரும்பு பிளாக்கில் தேங்கிய வெப்பம் அப்படியே இருக்கும், அது நகராமல் நிற்கும் கூலன்ட்டில் இறங்கும். டர்போ உள்ள வண்டியில் டர்போவின் சூடும் சேரும். அதனால் அணைத்த சில நிமிடங்களில் சூடு முதலில் ஏறி, பிறகுதான் இறங்கும். தெர்மோ ஸ்விட்சுக்குச் சாவியைத் தாண்டி நேராக பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கப்பட்ட கார்களில், இந்த நேரத்தில் ஃபேன் தானாகக் கிளம்பும். சில நிமிடங்கள் ஓடி நிற்பது இயல்பு. பேட்டரி இறங்கும் வரை நிற்காமல் ஓடினால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ஸ்விட்ச் விடாமல் பிடித்திருக்கலாம்.

பானட்டைத் திறந்து வேலை செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது. சாவி கையில் இருந்தாலும் ஃபேன் எந்த நொடியும் சுற்றலாம். கையை உள்ளே விடுவதற்கு முன் ஃபேனின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் கைக்குப் போனபோது

1990-களின் கடைசியில் காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி, கம்ப்யூட்டர் உத்தரவுப்படி தெளிக்கும் முறை) வந்ததோடு இஞ்சின் கம்ப்யூட்டரும் ஃபேனின் முடிவுகளை எடுக்கத் தொடங்கியது. முதல் காமன் ரெயில் கார், 1997-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ 156 ஜேடிடி. இத்தகைய பல வண்டிகளில் ரேடியேட்டர் ஸ்விட்ச் இல்லை. இஞ்சின் பக்கத்து சென்சாரைப் படித்து கம்ப்யூட்டரே ரிலேயைச் சேர்க்கும். சென்சாரின் கனெக்டர் கழன்றால், பாதுகாப்புக்காகப் பல வண்டிகள் ஃபேனை முழுவேகத்தில் ஓடவிடும். ஆகவே இந்த வகையில் ஃபேன் ஓயாமல் ஓடினால் மோட்டாரைத் திட்டாமல் சென்சாரைப் பாருங்கள்.

எந்த நேரத்தில் சூடேறுகிறது என்பதே துப்பு

நெடுஞ்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது முன்பக்கத்திலிருந்து வரும் காற்றே பொதுவாகப் போதும், ஃபேனுக்கு வேலை இல்லை. இதிலிருந்து ஒரு எளிய பிரிப்பு கிடைக்கிறது:

1. நெரிசலில் சூடேறி, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் குறை ஃபேன் பக்கம்: மோட்டார், ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், ரெசிஸ்டர்.
2. வேகமாகப் போகும்போதே சூடேறுகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான சீல்) போயிருக்கலாம். ஏசி வண்டிகளில் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசும் பூச்சியும் பஞ்சும் மெத்தையாகப் படிந்திருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.
3. முள் எப்போதும் கீழேயே இருக்கிறது, ஹீட்டர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, ஃபேன் சுற்றியதே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. டீசலுக்கு இது எரிபொருள் செலவையும் தேய்மானத்தையும் கூட்டும்.
4. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஹோஸ் கல்லுப்போல இறுகுகிறது என்றால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது. டீசலின் சிலிண்டர் அழுத்தம் பெரிது, இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சோதித்துப் பார்ப்பது

பெட்ரோல் காரில் ஃபேன் செத்தால் அடுத்த நெரிசலிலேயே தெரிந்துவிடும். டீசல் காரில் தெரியாது. குளிர்காலம் முழுக்க எதுவும் நடக்காமல் ஓடி, முதல் வெயிலில், முழு பாரத்தோடு, ஏசி போட்டுக்கொண்டு, ஏற்றத்தில் நின்று நின்று ஏறும் அந்த ஒரு நாளில்தான் தெரியும். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உள்ள இஞ்சினில், அந்த ஒரு நாளே ஹெட்டை வளைத்துவிடப் போதுமானது. எனவே ஃபேனை நாமாகத்தான் சோதிக்க வேண்டும்.

ஏசி இருந்தால், அதைப் போட்டு ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஆனால் அது மோட்டாரையும் முதல் வேகத்தையும் மட்டுமே உறுதி செய்யும், தெர்மோ ஸ்விட்சை அல்ல.

அடுத்தது ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கனெக்டரின் முனைகளைத் தடித்த வயரால் இணைப்பது. மெல்லிய வயர் கூடாது. சில வண்டிகளில் ஃபேனின் முழு மின்சாரமும் இந்த ஸ்விட்ச் வழியாகவே போகிறது. மூன்று முனை என்றால் ஒன்று பொதுவான முனை, அதை மற்ற இரண்டோடும் தனித்தனியாக இணைத்துப் பார்க்க வேண்டும். எது எந்த முனை என்பதை வண்டியின் வயரிங் படத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இணைத்ததும் ஃபேன் ஓடினால் மோட்டார், ஃபியூஸ், ரிலே எல்லாம் நலம். அப்போது சந்தேகம் ஸ்விட்சின் மேல், அல்லது ஸ்விட்ச் வரை சூடான தண்ணீர் வராததன் மேல். ஓடாவிட்டால் ஃபியூஸிலிருந்து மோட்டார் நோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஸ்விட்சைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிப்பவர்கள் உண்டு. முதல் படிக்கு அது சரி. இரண்டாம் படி 99–105 டிகிரியில் சேர்வது என்பதால் வெறும் தண்ணீரில் அது சேராமலே போகலாம், அதை வைத்து ஸ்விட்ச் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கனெக்டரைக் கழற்றும்போது அதன் நிறத்தையும் பாருங்கள். ஃபேன் 20 ஆம்பியர் இழுக்கிறது, துருப்பிடித்த முனையில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 2 வோல்ட் தொலைகிறது, 40 வாட் வெப்பமாக மாறுகிறது, அதுவும் பட்டாணி அளவு இடத்துக்குள். வெள்ளை பிளாஸ்டிக் முனையைச் சுற்றி முதலில் தேன் நிறமாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் உருகி முனையோடு ஒட்டிக்கொள்ளும். பழுப்பைப் பார்த்தாலே மாற்றிவிடுவது நல்லது. தட்டினால் மட்டும் ஓடும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், கையால் பிளேடைச் சுற்றிப் பாருங்கள். பேரிங் இறுகியிருக்கும்.

"டைரக்ட்" கொடுப்பது பற்றி

ஸ்விட்ச் சரியில்லை என்றதும், ஃபேனை இக்னிஷனோடு நேராக இணைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது உதவும், மறுப்பதற்கில்லை. நிரந்தரமாக அப்படியே விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எப்போதாவது ஓடுவதற்காகச் செய்த மோட்டார், நாள் முழுக்க ஓடி பிரஷும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். அது நிற்கும் நாளில் எச்சரிக்க எதுவும் இருக்காது. ஆல்டர்னேட்டரின் மேலும் ஓயாத பாரம். இஞ்சின் அணைந்ததும் ஃபேனும் நிற்பதால், வெப்பம் ஏறும் அந்தச் சில நிமிடங்களில் உதவியும் கிடைக்காது. மூல காரணமான தெர்மோஸ்டாட்டோ காற்றுக் குமிழியோ அப்படியே மறைந்து கிடக்கும்.

வயரை மாற்றிப் போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். காற்று எப்போதும் இஞ்சினை நோக்கியே போக வேண்டும். ஒரு தாளை கிரில்லின் முன் பிடித்தால் அது உள்நோக்கி இழுக்கப்பட வேண்டும், தள்ளப்பட்டால் வயர் தலைகீழ்.

புது ஸ்விட்ச் வாங்கும்போது பழையதன் மேல் பொறித்திருக்கும் டிகிரி எண்களையே கேட்டு வாங்குங்கள். "சீக்கிரம் சேரட்டும்" என்று மிகக் குறைந்த எண் போட்டால், அது தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கு அருகில் வந்து, ஃபேன் நிற்காமல் ஓடும். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து மாற்றுங்கள், புது சீல் வளையம் போடுங்கள். கூலன்ட் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, கீழ் ஹோஸும் சூடாகி, ஃபேன் ஒருமுறை தானாகச் சேர்ந்து தானாக விடும்வரை வண்டியை ஓடவிடுங்கள். டீசல் என்பதால் ஐட்லிங்கில் அது நடக்க வெகுநேரம் ஆகலாம். ஏசியை அணைத்துவிட்டு, இஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பிடித்தால் சீக்கிரம் வரும். அப்படியும் சேராமல் முள் நடுவைத் தாண்டி ஏறினால் உடனே அணைத்துவிட்டு, மறுபடி தெர்மோஸ்டாட்டிலிருந்து தொடங்குங்கள்.